பாட்டமும் பத்து சென்டும்

தென் கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் பெருவழியை விட்டு விலகிச் செங்கல் கிராமத்துக்குள் இறங்குகிறவர், முதலில் செம்மண் மேடுகளையும், அம்மேடுகளில் தென்னையும் ரப்பரும் மரச்சீனி என்னும் மரவள்ளியும் அடர்ந்த புரையிடங்களையும், அதாவது வீட்டுத் தோட்டங்களையும் கண்டு, பிறகு இரு மேடுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் தாழ்ந்த வயற்பரப்பை வந்தடைவார். இதனை இப்பக்கத்தார் ஏலா என்பர். தஞ்சைச் சமவெளியைப்போலக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த வயல் இங்கே எக்காலத்திலும் இருந்ததில்லை. மேட்டில் விளை என்னும் தோட்டநிலம், பள்ளத்தில் ஏலா. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு போகம். நிலம் இவ்வளவு சிறிதாக இருந்தமையாலேயே, அது யாருக்கு உரியது என்ற வினா இந்த நாட்டில் இவ்வளவு கூர்மையாக எழுந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்த வினா பழமையானது. இவ்வூருக்குத் தெற்கே முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் கி.பி. 866-இல் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கோயிலும் கல்விச்சாலையும் நிறுவியபோது, முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்து உழக்குடிவிளை என்ற நிலத்தைப் பெற்றான் என்று அவனது செப்பேடு கூறுகிறது. விளை என்னும் அச்சொல் இன்றும் இப்பக்கத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் ஒலிக்கிறது. கொடுத்தவரும் பெற்றவரும் செப்பில் நிலைபெற்றார்கள். அந்த விளையில் மண்வெட்டி பிடித்தவர்களின் சந்ததியாருக்கோ, தம் பெயரில் ஒரு துண்டு நிலத்தைக் காண ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களை ஒடுக்கி அவர்கள் சொத்துக்களைக் கைப்பற்றிய பிறகு, தென் திருவிதாங்கூரில் சர்க்காரே மிகப் பெரிய நிலவுடைமையாளராக வளர்ந்தது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குப் பிடித்துப் பயிரிட்டவர் பண்டாரப்பாட்டக்காரர். கோயிலுக்கோ ஜன்மி எனப்பட்ட பிராமண நிலவுடைமையாளருக்கோ உரிய நிலத்தைப் பிடித்தவர் ஜன்மியின் குடியான். இவர்கள் அனைவருக்கும் கீழே, சேற்றில் இறங்கி ஏரோட்டியும் நாற்று நட்டும் கதிரறுத்தும் வந்த புலையர், பறையர் முதலிய மக்கள், நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பட்ட அடிமைகளாக இருந்தார்கள். 1812-இல் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தபோதுகூட, விவசாயத்துக்காக நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தடையின் பயன் எட்டவில்லை. யாருடைய முதுகில் நாட்டின் நெல் முழுவதும் விளைந்ததோ அவர்களையே விலக்கிவைத்த அந்த விதியைப் படிக்கும்போது இன்றும் மனம் பதைக்கிறது. 1847-இல் மிஷனரிமார் அடிமை முறையை எதிர்த்து மகாராஜாவுக்கு விண்ணப்பம் செய்தார்கள். 1853-இல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்று அறிவிக்கப்பட்டது. 1855-இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் அடிமை முறை முழுவதும் ஒழிக்கப்பட்டது.

அதன் பின் பத்தாண்டு கழித்து, ஆயில்யம் திருநாள் ஆட்சியில், திவான் மாதவராயர் காலத்தில், கொல்லம் 1040-ஆம் ஆண்டு, அதாவது 1865-இல், பண்டாரப்பாட்டப் பிரகடனம் வெளிவந்தது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்குப் பிடித்திருந்தவர்கள், வரியை ஒழுங்காகச் செலுத்தும் வரையில், அந்நிலத்தை விற்கவும் ஈடு வைக்கவும் மக்களுக்கு விட்டுச்செல்லவும் பூரண உரிமை பெற்றார்கள். இந்தியாவின் பல பகுதிகளில் குடியானவர்கள் கனவிலும் காணாத உரிமை அது. திருவிதாங்கூர்க் குடியானவர்களின் மகா சாசனம் என்று பின்னாளில் அதனைப் போற்றியது தகும். ஆனால் அந்தச் சாசனத்தின் ஒளி பாட்டக்காரரின் வீட்டு முற்றத்தோடு நின்றுவிட்டது. 1861-இல் ருஷ்யச் சக்கரவர்த்தி பண்ணையடிமைகளை விடுவித்தபோது, அவர்களுக்கு நிலத்தில் ஒரு பங்கை அளித்து, அதன் விலையை 49 ஆண்டுத் தவணைகளில் செலுத்தும் பெருங்கடனையும் தலையில் ஏற்றினார். நெய்யாற்றின்கரையின் அடிமை மீது கடன் சுமத்தப்படவில்லை. கடன் சுமத்துவதற்கு வேண்டிய நிலமும் கொடுக்கப்படவில்லை. நேற்றுவரை அடிமையாக இறங்கிய அதே ஏலாவில் அவர் மறுநாள் கூலியாளாக இறங்கினார், அவ்வளவே. பாறசாலையில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-லும் 1883-லும் வெளியிட்ட நூல்கள், விடுதலைக்குப் பின்னும் இம்மக்கள் எய்திய துயரத்துக்குச் சாட்சியங்களாக இருக்கின்றன.

அந்தக் கூலியாளே எழுந்து நின்ற கதைதான் இவ்வட்டத்தின் வரலாற்றில் ஆகச் சிறந்தது. செங்கலுக்கு வடமேற்கே, இதே நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொது வழியில் 1893-இல் வில்வண்டி ஓட்டிச் சென்றவர். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தவர். அம்மக்களின் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர் சொன்ன சொல்லுக்கு உழைப்பாளர்கள் வயலை விட்டு ஏறினார்கள். எங்கள் பிள்ளைகள் எழுத்துப் படிக்காவிட்டால் உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என்பதே அவர்கள் நிலைப்பாட்டின் சாரம். ஏலாக்கள் தரிசாகக் கிடந்தன. தாமே இறங்கி உழ முயன்ற நிலவுடைமையாளர்களுக்கு அந்த வேலை கைகூடவில்லை. அன்றாடக் கூலி நெல்லின்றி வேறு சேமிப்பில்லாத குடிசைகளில் பசி புகுந்தது. அப்போது விழிஞத்து மீனவர்கள் தம் வள்ளங்களில் இவர்களையும் ஏற்றிக்கொண்டு, கிடைத்த மீனில் பங்கு கொடுத்தார்கள் என்று இப்பகுதி வரலாறு கூறுகிறது. நிலத்தில் உழைத்தவரைக் கடலில் உழைத்தவர் தாங்கினார். முடிவில், கண்டல நாகம் பிள்ளை என்னும் மாஜிஸ்திரேட்டின் மத்தியஸ்தத்தால் இணக்கம் ஏற்பட்டது. 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பாய்காட் என்னும் பண்ணை அதிகாரியின் அறுவடையைக் கூலியாட்கள் புறக்கணித்த செய்தி உலகமெங்கும் பரவி, அவர் பெயரே ஒரு சொல்லாயிற்று; அங்கே கேட்டது குத்தகைக் குறைப்பு. இங்கே கேட்டது எழுத்தறிவு. பிறகு சமஸ்தானத்தின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் அங்கத்தினராக அமர்ந்த அய்யன்காளி, தம் மக்களுக்குப் புதுவல் என்னும் சர்க்கார் தரிசு நிலம் வேண்டுமென்று மன்றாடினார். கூலி உயர்ந்தாலும் நிலமில்லாதவனுக்கு நிற்க இடமில்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இடையே மரச்சீனியைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த இக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பெரிதும் ஊக்குவித்தார். தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்குமேல் வெளியிலிருந்து வரவழைத்த சமஸ்தானம், 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்து பர்மா அரிசி நின்றபோது பரிதவித்தது. அன்று ஏழைக் குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது செம்மண் மேட்டில் விளைந்த அந்தக் கிழங்கே.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை இந்த மேடுகளுக்கு ஊடே வரையப்பட்டது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சி நெய்யாற்றின்கரையையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரியிருந்தது. விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகியவை சென்னை ராஜ்யத்தில் சேர, செங்கலும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. எல்லை வருமுன்பே தொடங்கிய நெய்யாறு அணைத் திட்டத்தின் இடதுகரைச் சானல், இவ்வட்டத்தைக் கடந்து விளவங்கோட்டின் 9,200 ஏக்கருக்கும் நீர் அளிக்க வகுக்கப்பட்டது. 2004-இல் எல்லைக்கு அப்பால் செல்லும் நீர் நிறுத்தப்பட்டது. 2012-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. ஒரே சொல்வழக்கும் ஒரே உறவுமுறையும் உடைய இரு பக்கத்து உழவர்களில் ஒரு பக்கத்தார் காய்ந்த சானலைப் பார்த்து நிற்பது, எந்த நியாயத்தைச் சொன்னாலும், சகிக்கத்தக்கதன்று.

1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் பாட்டமுறை சட்டத்தால் ஒழிந்தது. பண்டார நிலம் மிகுந்த இத்தென்பகுதியில், பாட்டக்காரர்கள் நூறாண்டுக்கு முன்பே உடைமையாளராகிவிட்டமையால், மலபாரைப்போல அது பெரும் புரட்சியாகத் தோன்றவில்லை. குடிகிடப்புக்காரர் என்ற பெயரில் பிறர் நிலத்தில் குடிசை கட்டியிருந்த கூலியாளுக்குக் கிராமத்தில் பத்து சென்ட் உரிமையாயிற்று. அதன் அருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். இறங்கிப் போ என்று யாரும் சொல்லமுடியாத முற்றம் அது. ஆனால் அது முற்றமே, வயலன்று.

ஏலாவை உடையவர்களின் மக்களோ உத்தியோகத்துக்கும் வளைகுடாவுக்கும் சென்றார்கள். 1970-களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் நிலம் இன்று 2 லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. வயலை நிரப்புவதைத் தடுக்க 2008-இல் தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. நெல்லின் விலை கூலிக்கு ஈடுகொடுக்காமையால், ஏலாக்களில் வாரம் என்னும் மண்மேடு கோலி ஏத்தன் வாழையும் மரச்சீனியும் நடுகிறார்கள். நடுகிறவர்களில் பலர் பத்து சென்ட் வீட்டுக்காரர்கள். உடையவர் உழாத வயலை ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பிடிக்கிறார்கள். பாட்டம் சட்டத்தால் ஒழிந்தது ஆகையால் இந்தப் புதிய பாட்டத்துக்குப் பத்திரம் இல்லை, வாய்ப்பேச்சே உண்டு. ஓணச் சந்தைக்கு முன் காற்றடித்து, குலையோடு வாழை சாய்ந்துவிட்டால், நட்டவர் நஷ்டஈட்டுக்கு எழுதப்போகும் விண்ணப்பத்தில் நிலத்துக்கு உரியவர் என்ற இடத்தில் எழுத வேண்டியது வேறொருவரின் பெயர்.