எஞ்சின் வால்வும் ஈயமும்

மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினின் உயிர் அதன் மூச்சில் இருக்கிறது. காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையை உள்ளே விடுவதும், எரிந்த புகையை வெளியே போக்குவதும் வால்வுகள் என்னும் சிறு கதவுகளின் தொழில். அவை தத்தம் இருக்கைகளில் இறுகப் பொருந்தினால் எஞ்சின் உழைக்கும். மயிரிழை இடைவெளி விட்டாலும் அதன் வலிமை குன்றும். இக்கதவுகளைக் காப்பதற்கு மனிதர் பட்ட பாடு தனியொரு வரலாறாகும்.

1885ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டமொன்றில் எஞ்சினைப் பூட்டி இருசக்கர வண்டி செய்தனர். அதன் கொள்ளளவு 264 கன சென்ரிமீற்றர். வலு அரைக் குதிரைவலு. கலவையை உள்வாங்கும் வால்வைத் திறப்பதற்கு அதில் பொறியமைப்பு எதுவும் இல்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே மெல்லிய சுருள்வில்லை மீறி அதனைத் திறந்தது. எஞ்சின்களின் வேகம் பெருகியபோது இம்முறை ஈடுகொடுக்கவில்லை. ஆகவே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு வால்வுகளையும் பொறியே திறக்கும் முறை பரவியது.

எனினும் புகை வால்வின் துன்பம் தீரவில்லை. எரிந்த வாயு முழுவதும் அதனைக் கடந்தே வெளியேறுகிறது. அது பெறும் வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும் பொழுதில், இருக்கை வழியாகவே வெளிச்செல்ல வேண்டும். இருக்கையில் கரி படிந்தாலும், வால்வுத் தண்டுக்கு விடவேண்டிய இடைவெளி அற்றுப்போனாலும் வால்வு முற்றாக மூடாது. சூடு போக வழியின்றி விளிம்பு எரிந்துபோகும்.

எனவே தேர்ந்த மெக்கானிக் ஒரு மருத்துவனைப்போல முதலில் நோயின் இடத்தைத் தேடினான். மிதிக்கும்போது எஞ்சின் எதிர்ப்புக் காட்டாவிட்டால் அமுக்கம் எங்கோ கசிகிறது என்பது பொருள். ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும் எதிர்ப்புக் கூடினால் குற்றம் பிஸ்டன் வளையங்களில். கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வுகளில். மேல்வால்வு எஞ்சினாயின், சிலிண்டர்த் தலையைக் கழற்றிக் கவிழ்த்து, அதன் குழிவில் மண்ணெண்ணெய் ஊற்றினால், கசியும் வால்வு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அலுமினியத் தலையிலுள்ள கரியைக் கீறல் விழாதபடி மரச்சீவலால் சுரண்டி, வால்வை அரைபசை தடவி முன்னும் பின்னுமாகத் திருப்பி, இடையிடையே தூக்கி, இருக்கையில் முறிவில்லாத சாம்பல்நிற வளையம் தோன்றும்வரை அரைப்பர். பின்னர் பசையின் கடைசித் துகளும் போகக் கழுவுவர். பழைய வண்டிகளுக்குச் சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை இவ்வைத்தியம் வேண்டியிருந்தது.

பொறியியலறிஞரும் வாளாவிருக்கவில்லை. 1921இல் ஹரி றிக்காடோ இங்கிலாந்தின் டிரையம்ப் வண்டிக்கு நான்கு வால்வுத் தலையை வகுத்தார். சாம் ஹெறன் என்பவர் வால்வுத் தண்டைக் குடைந்து சோடியம் நிரப்பினார். உருகிய சோடியம் தண்டினுள் அலைந்து வால்வுத் தலையின் சூட்டைக் கீழே கொண்டுசென்றது.

அதே 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மமொன்றைப் பெற்றோலிற் கலந்தால் எஞ்சினின் தட்டொலி அடங்குவதைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் ஈயச் சாம்பல் வால்வுகளிலும் பிளக்கிலும் படிந்தது. அதனைப் போக்க எதிலீன் இருபுரோமைட்டும் சேர்க்கப்பட்டது. ஈயம் ஆவியாகிப் புகையோடு வெளியேறியது. எஞ்சின் தூய்மையாயிற்று, தெருக் காற்று நஞ்சாயிற்று. எஞ்சியிருந்த மெல்லிய ஈயப் படிவு மென்மையான இருக்கைகளைத் தேயாமற் காத்தது என்பதும் உண்மையே. ஆயினும் 1924இலேயே நியூ ஜேர்சி ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர் ஈய நஞ்சால் மாண்டனர். அந்த எச்சரிக்கைக்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் உலகம் ஈயப் பெற்றோலை எரித்தது. இலங்கை அதனை 2002இல் கைவிட்டது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகெங்கும் வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் விற்பனை முடிவுற்றது.

இப்போது செய்யப்படும் எஞ்சின்களில் கடினமான உலோக இருக்கைகள் அந்தக் காவலைச் செய்கின்றன. மென்மையான இருக்கையுள்ள பழைய வண்டியை வைத்திருப்போர் வால்வு இடைவெளியை அடிக்கடி அளந்துபார்த்தல் வேண்டும். இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே அமிழ்ந்து, அவ்விடைவெளி ஓசையின்றிக் குறைந்துகொண்டே போகும். குழந்தைகளின் குருதியில் ஈயம் சேர்வதிலும் பார்க்க, ஓர் அளவுத் தகடும் சிறிது பொறுமையும் மிக மலிவான விலையே.