வீடுபேறு யாருக்கு?

அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு பேறுகளை வரிசைப்படுத்தி வைத்தனர் நூலோர். நான்காவதாக நிற்கும் வீடு, செத்த பின்னர் கிடைப்பதாம். அதற்கு வழிகாட்ட மடங்கள் உண்டு, நோன்புகள் உண்டு, காணிக்கைத் தட்டுகள் உண்டு. அந்த வீட்டின் கூரை ஒழுகுமா, குழாயில் தண்ணீர் வருமா என்று கண்டுவந்து சொன்னவர்தான் எவரும் இல்லை. மழைக்கு ஒதுங்கவும், முதிர்ந்த பெற்றோரை அமர்த்தவும், பிள்ளையைத் தாலாட்டவும் நமக்கு வேண்டிய வீடு வேறு. அது செங்கல்லால் ஆனது, சுண்ணாம்பால் ஆனது. அந்த வீடு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, ஏன்? மறுமை வீட்டைப் பற்றி மலைமலையாக எழுதிக் குவித்தவர்கள், இம்மை வீட்டைப் பற்றி எழுதியது எவ்வளவு?

இந்த எண்ணம் எனக்கு எழுந்த இடம் வேலப்பன்சாவடி.

என் தந்தையார் ஆவடித் தொழிற்சாலை ஒன்றிலே முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர். உழைத்த காலமெல்லாம் தொழிற்சாலைக் குடியிருப்பிலே வாழ்ந்தோம். ஓய்வு வந்தது, கூடவே வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளும் வந்தது. அவருக்குக் கிடைத்த பணிக்கொடையும், ஆசிரியர் வேலையை நம்பி வங்கி எனக்குத் தர இசைந்த கடனும் சேர்ந்தால் ஒரு சிறு வீடு வாங்கலாம் என்று கணக்கிட்டோம். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கும் அலைந்தோம். விலைக்கு வரும் வீடு ஒன்று என்றால், அதை நாடி வருவோர் பத்துப் பேர். காலையில் பார்த்த வீட்டுக்கு, மாலையில் வேறொருவர் முன்பணம் கொடுத்திருப்பார். காலையில் கேட்ட விலை, மாலையில் இரண்டு இலட்சம் ஏறியிருக்கும்.

ஏழாவது ஞாயிறு, வேலப்பன்சாவடியில் ஒரு வீடு அமைந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்புறத்தில் ஒரு முருங்கை மரம். விலையும் எங்கள் கைக்கு எட்டுவதாக இருந்தது. தந்தையார் சுவரைத் தட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அப்போது தரகர் அவரைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தப்பா நெனைக்காதீங்க ஐயா, நீங்க என்ன ஆளுங்க?”

தந்தையார் சற்றும் தயங்காமல், “நாங்க ஃபேக்டரி ஆளுங்க” என்றார்.

மறுநாள் அந்த வீடு ‘முடிந்துவிட்டது’ என்று சேதி வந்தது. முடியவில்லை என்பதை, மூன்று வாரம் கழித்தும் அதன் கதவிலே தொங்கிய ‘விற்பனைக்கு’ என்ற அட்டை எனக்குச் சொல்லிற்று.

தோழர்களே! இதை என் சொந்தக் குறையாகச் சொல்ல வரவில்லை. அந்த ஒரு கேள்விக்கு எத்தனை நூற்றாண்டு வயது என்பதைப் பார்க்கவே இக்கட்டுரை.

முதலில் ஊர்ப்பெயரைப் பாருங்கள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குமிடம், ஊர்ப் பொதுக்கட்டடம். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று பூவிருந்தவல்லி வழியிலே சாவடிகள் அணிவகுத்து நிற்கின்றன. கால்நடையாகவும் வண்டியிலும் மக்கள் சென்ற காலத்தில், களைத்தவனுக்கு நிழல் தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தின் நினைவுச் சின்னங்கள் இப்பெயர்கள். ஆனால் அந்த நாட்டில் நிழலும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1904இல் காசிக்குச் சென்ற ஈரோட்டு இளைஞர் இராமசாமிக்குச் சத்திரத்திலே சோறு மறுக்கப்பட்டது. காரணம் அவர் பிறந்த சாதி. பிற்காலத்தில் பெரியார் ஆன அவரை அந்த வாயிற்படி எவ்வளவு சிந்திக்க வைத்தது என்பதை நாடறியும். வந்தவன் பசித்தவனா என்று கேட்காமல், என்ன ஆள் என்று கேட்ட வாயிற்படி அது.

சென்னை நகரின் பிறப்பிலேயே இக்கேள்வி இருந்தது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நாயக்கரிடம் கடலோர மணல்வெளியைப் பெற்றனர். கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். வெளியே கருப்பர் நகரம். நிறத்தால் பிரித்தான் வெள்ளையன் என்று சினம் கொள்கிறோம்; சரிதான். அதே கருப்பர் நகருக்குள் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரு முகாம்களாக நின்று, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது, எந்தத் தெருவில் யார் குடியிருப்பது என்று அடித்துக்கொண்டோம். 1707இல் மூண்ட பூசலைத் தீர்க்க ஆளுநர் தாமஸ் பிட் கண்ட வழி, பெத்துநாய்க்கன்பேட்டை வலங்கையினருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையினருக்கு என்று பங்கிட்டதுதான். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஏழை உழைப்பாளிக்கோ, ஊருக்கு வெளியே சேரி! ஆக, இந்நகரில் வீட்டுக்கு விலை கேட்கும் முன்னரே ஆளுக்குச் சாதி கேட்கும் வழக்கம் வேர்விட்டுவிட்டது.

1734இல் நெசவாளருக்கென்று சிந்தாதிரிப்பேட்டை அமைந்தது. கம்பெனிக்குத் துணி வேண்டும். துணி நெய்ய ஆள் வேண்டும். ஆள் தங்க வீடு வேண்டும். எனவே சுங்குராமரின் தோட்டம் பேட்டையாயிற்று. உழைப்பு தேவைப்படும்போது உழைப்பவனுக்கு ஓர் ஊரையே உண்டாக்க ஆட்சியால் முடியும் என்பதற்கு இது சான்று. உழைப்பவன் தேவைப்படாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749இல் அது ஆங்கிலேயருக்கு மீண்டது. அந்த ஆண்டுகளிலும் அதன் பின்னருமாகப் பழைய கருப்பர் நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பீரங்கிக்குக் கண்ணுக்கெட்டிய வெட்டவெளி வேண்டுமாம்! பின்னர் 1773இல், இதற்கு அப்பால் கட்டடம் எழலாகாது என்று எல்லைத் தூண்கள் பதின்மூன்று நட்டனர். அவற்றுள் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும் தோழர்கள் அதன்முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வீட்டுப் பஞ்சம் வானத்திலிருந்து விழுவதன்று; ஆணையால் உண்டாக்கப்படுவது என்று அக்கல் சொல்லும்.

அழித்த ஆட்சியும் உண்டு. ஆக்கிய ஆட்சியும் உண்டு. 1920இல் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. நீதிக்கட்சி ஆட்சியின்போது மாம்பலத்தில் புதிய நகரம் திட்டமிடப்பட்டது. தியாகராயர் பெயரால் நகர். பனகல் அரசர் பெயரால் பூங்கா. நடேசனார் பெயரால் தெரு. இன்ன சாதிக்கு இன்ன தெரு என்று கோடு கிழிக்காமல், மனையை மனையாக விற்ற முயற்சி அது. எனினும் அங்கே சாதிக் கோட்டின் இடத்தில் பணக்கோடு வந்து அமர்ந்தது. ஏரியைத் தூர்த்து எழுந்த நகர் என்பதையும் மறைப்பதற்கில்லை. பகுத்தறிவாளன் தன்னவர் செய்ததையும் தராசில் வைத்தே பார்க்க வேண்டும்.

பிறகு வந்தது போர். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடினர். தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. அச்சம் நீங்கியதும் திரும்பினர். அவர்களோடு புதியவர்களும் வந்தனர். 1941இல் 7.77 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, எல்லை விரிவும் சேர, 1951இல் 14.16 இலட்சம் ஆயிற்று. ஆட்கள் பெருகினர், வீடுகள் அவ்வாறு பெருகவில்லை. போர்க்கால ஆணையாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1946இலும் 1949இலும் 1960இலும் சட்டமாக வடிவெடுத்தது. நியாய வாடகை எவ்வளவு என்று கேட்கக் குடியிருப்போனுக்கு உரிமை வந்தது. அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் 2019வரை வாழ்ந்தது. வாடகையைக் கட்டுப்படுத்தியது சட்டம், வாய்க்கேள்வியைக் கட்டுப்படுத்தியதா? இல்லை! வாடகையில் கிடைக்காத ஆதாயத்தை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தில் கண்டனர் வீட்டுக்காரர் பலர்.

1955 சனவரியில் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் காணத் தீர்மானித்தது. அதே ஆண்டு பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை. நகரின் மேற்கே புகைபோக்கிகள் எழுந்தன. வேலை தேடி வந்தோர் பல்லாயிரவர். 1961இல் வீட்டுவசதி வாரியம் தோன்றியது. 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. இவை கட்டிய வீடுகள் பல. குடிசையில் நனைந்தவனைக் கேட்டால் அவற்றின் அருமை தெரியும். ஆயினும் தேவை எனும் கடலுக்கு அவை வாய்க்கால். 1978இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1999இல் அதுவும் நீக்கப்பட்டது. நிலம், குடியிருக்கும் இடம் என்பது போய், பூட்டி வைக்கும் பொன் என்றாயிற்று. சாலை விரிந்தால் விலை ஏறும். பூவிருந்தவல்லிக்கு மெட்ரோத் தூண் எழுந்தால் விலை ஏறும். ஏறிய விலை யாருடைய உழைப்பால்? பொதுப்பணத்தால் போட்ட சாலை. தனியார் பைக்குள் போகும் ஆதாயம்!

இங்கேதான் என் வாதத்தின் நடுக்கண்ணி இருக்கிறது. பத்து வீட்டுக்கு ஒருவர் வந்தால், வீட்டுக்காரர் சாதி கேட்பாரா? கேட்டால் வீடு விற்காது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் வருவதால்தான் கேட்கிறார். ஒன்பது பேரைக் கழிக்க அவருக்கு ஒரு சல்லடை வேண்டும், பாட்டன் காலத்துச் சல்லடை பரணிலே இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார். பஞ்சம் சாதிக்குத் தீனி போடுகிறது. சாதி பஞ்சத்துக்குக் காவல் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடைக்கும் உணவு விடுதிக்கும் கிணற்றுக்கும் குளத்துக்கும் சாலைக்கும் சாதித் தடை கூடாது என்கிறது. தனியார் வீட்டைக் குறித்து அங்கே பேச்சில்லை. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமை ஒழிப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தீண்டாமை காட்டித் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால், ‘முடிந்துவிட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? 2005இலோ, ஒரு சமயத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்றே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிற நாடுகளில் என்ன செய்தனர்? அமெரிக்காவில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நிறமும் இனமும் சமயமும் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. வியன்னா நகராட்சி 1923 முதல் 1934க்குள், வீட்டுவரி விதித்து, பெரிய மாளிகைகளிடம் மிகுதியாக வாங்கி, 60,000க்கு மேற்பட்ட தொழிலாளர் வீடுகளைக் கட்டியது. நம் தமிழரும் வாழும் சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுந்தது. இன்று அந்நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேர் அது கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். 1989 முதல், சீனர், மலாயர், இந்தியர் ஒரே கட்டடத்தில் கலந்து வாழ வேண்டும் என்று இனவாரி அளவும் வகுத்தனர். இதனால் சிறுபான்மையினர் தம் வீட்டை விற்கும்போது வாங்குவோர் குறைந்து இடர்ப்படுவதும் உண்டு. குறையில்லாத மருந்து ஏது? ஆயினும் சாதிக்கொரு பேட்டை வகுத்த பிட்டின் கணக்கையும், எல்லோரையும் ஒரே மாடிப்படியில் ஏறவைத்த இக்கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள்!

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1998இல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் ஊருக்கு 100 வீடுகள். ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. சிற்றூருக்கு வகுத்த அந்த நெறி, பெருநகரின் அடுக்குமாடிக்கு ஏன் ஆகாது?

என்னையே சான்றாகத் தருகிறேன். நான் பிறந்து வளர்ந்த தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு, பணிமூப்புப் பட்டியலின்படி கிடைத்தது. பட்டியல் கேட்டது, எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தாய் என்பதை. யாருக்குப் பிறந்தாய் என்பதையன்று. இடப்புறச் சுவருக்கு அப்பால் ஒரு சாதி, வலப்புறச் சுவருக்கு அப்பால் ஒரு சமயம், மாடியிலே ஒரு மலையாளக் குடும்பம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மூன்று வீட்டுக் கஞ்சி வந்தது. வெறும் ஒரு பட்டியல் அதைச் செய்தது! அந்த வாயிற்கதவைத் தாண்டி வெளியே வந்த ஏழாவது ஞாயிறே 1707க்குத் திரும்பிவிட்டோம்.

எனவே இளைஞர்களே, இரண்டு வேலை நமக்கு உண்டு. ஒன்று, நகரத்தைச் சுற்றிப் பொதுவீடுகளைப் பெருக்கு, பட்டியலின்படி பங்கிடு, வீட்டுக்கதவில் சாதி கேட்பதைக் குற்றமாக்கு என்று ஆட்சியை ஓயாது கேட்பது. மற்றொன்று, அதனினும் அரியது. நம் வீட்டிலேயே தொடங்குவது. மாடிப்பகுதியை வாடகைக்கு விடும் நம் பெற்றோர் அக்கேள்வியைக் கேட்கும்போது, பக்கத்திலே நின்றுகொண்டு பேசாதிருக்கிறோமே, அந்த வாய்மூடலை உடைப்பது. மேடையில் முழங்கிவிட்டுத் திண்ணையில் ஊமையானால் அந்த முழக்கம் யாருக்கு?

நாளை எட்டாவது ஞாயிறு. மீண்டும் வேலப்பன்சாவடிப் பக்கம் போகிறோம். தந்தையார் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். “இந்த முறையும் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்றேன். “அதையேதான், ஃபேக்டரி ஆளுங்க” என்றார்.

அந்த விடை போதுமானதாக இருக்கும் ஊரே, சாவடி என்ற பெயருக்குத் தகுதியான ஊர்.