‘காகிள்’ எனும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் வினையாக நிற்குங்கால் கண்ணை அகலத் திறந்து வெறித்து நோக்குதலையும், ‘காகிள்ஸ்’ எனப் பன்மைப் பெயராக நிற்குங்கால் கண்ணைச் சூழ மூடிக் காக்கும் கண்ணாடியையும் உணர்த்தும் சொல் ‘காகிள்’ என்பது. (இதன்கண் வரும் இரு ககரங்களையும் எடுத்தொலிக்க; அவ்வொலி வேறுபாட்டைக் காட்டத் தமிழில் தனியெழுத்து இல்லை.) அணிந்தார் கண் பிதுங்கியது போலத் தோன்றலின் கண்ணாடி அப்பெயர் பெற்றது என எளிதிற் கூறிவிடலாம். கேட்டற்கு இனிதாயினும், சொல்லின் பழைய ஆட்சிகளை நிரலே நோக்குவார்க்கு அவ்விளக்கம் நிரம்பியதாகத் தோன்றாது. இச்சொல் எழுத்திற் காணப்படும் முதற் காலத்தில் வெறித்தல் என்னும் பொருளே அதற்கு இல்லை.

14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் விக்கிளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலியம் உருப்பெற்றது. அதன் மாற்கு நற்செய்தியில், இடறலுண்டாக்கும் கண்ணைக் களைந்தெறிந்து ஒரு கண்ணோடு இறையரசு புகுதல் நன்று எனும் கருத்துடைய இடத்தில், ஒற்றைக்கண்ணன் என வரவேண்டிய சொல்லுக்கு ‘காகிள் கண்ணன்’ எனும் பொருள்படும் தொடரே நிற்கிறது. ஆயின் 1440ஆம் ஆண்டளவில் எழுந்த ‘புரோம்ப்டோரியம் பார்வுலோரும்’ என்னும் ஆங்கில – இலத்தீன் அகராதி இதே தொடருக்கு மாறுகண்ணன் என்றே பொருள் தருகிறது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சன் அகராதியும் இவ்வினைக்குச் சாய்ந்து நோக்குதல் என்றே பொருளுரைத்தது. எனவே மாறுகண் என்பதே நெடுங்காலம் நின்று நிலவிய பொருள். விவிலியத்தின் ஒற்றைக்கண் ஒன்றே தனித்து நிற்கிறது. அதனை மொழிபெயர்த்தாரின் பிழையெனத் தள்ளிவிடலாமோ?

தள்ளுதல் வேண்டா என்பதே எம் கருத்து. அம்மொழிபெயர்ப்பு கிரேக்க மூலத்தினின்று செய்யப்பட்டதன்று. இலத்தீன் விவிலியத்தைப் பின்பற்றியது. இலத்தீனில் அவ்விடத்து உள்ள சொல் ‘லுஸ்குஸ்’. தொன்மை இலத்தீனில் அதற்கு ஒற்றைக்கண்ணன் என்பதே பொருள். ஆனால் அதன் பெண்பால் வடிவினின்று பிறந்த பிரெஞ்சுச் சொல்லாகிய ‘லூஷ்’ என்பதோ மாறுகண்ணைக் குறிக்கும். அஃதாவது, தாய்ச்சொல்லில் ஒற்றைக்கண்ணாக இருந்தது சேய்ச்சொல்லில் மாறுகண்ணாயிற்று. பிரெஞ்சு வழக்கு ஊறிய இங்கிலாந்தில் இலத்தீன் கற்றார், ‘லுஸ்குஸ்’ என்பதனைப் பிரெஞ்சுச் சொல்லின் நிழலிற் கண்டு, மாறுகண்ணுக்குரிய தம் நாட்டுச் சொல்லையே இட்டனர் எனக் கொள்ளின் முரண் நீங்கும். கிரேக்கச் சொல் ஒரு கண் என்பதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுவது. 1526இல் கிரேக்கத்தினின்றே மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் இச்சொல்லை விடுத்து ஒரு கண் எனத் தெளிவுபட எழுதியமை இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

இவ்விரு பொருளும் ஒன்றனோடொன்று கலத்தல் வியப்பன்று. மாறுகண்ணனை ‘ஒன்றரைக்கண்ணன்’ எனத் தமிழ் மக்கள் கூறக் கேட்கிறோம். கண் இரண்டும் இருக்கவே, நேரே நோக்காத ஒன்றை அரையாகக் கணக்கிடும் அவ்வழக்கு, ஒற்றைக்கண்ணுக்கும் மாறுகண்ணுக்கும் இடைப்பட்ட எல்லை எத்துணைக் குறுகியது என்பதைக் காட்டும்.

இனிச் சொற்பிறப்பு. ஸ்கீட் எனும் ஆங்கிலச் சொல்லாய்வறிஞர் கேலிக்கு மொழியில் ‘சிறிதே அசைதல்’ எனப் பொருள்படும் ‘கோக்’ என்பதனோடு இதனை இயைத்தார். ஒத்த சொல் இரு அண்டை மொழிகளில் இருத்தல் கொண்டே எது கொடுத்தது, எது கொண்டது எனத் துணிதல் அரிது. எனினும் அசைவு எனும் கருத்து ஏற்புடைத்து. இறுதியில் நிற்கும் ‘இள்’ போன்ற ஈறு, ‘விகிள்’, ‘ஜாகிள்’, ‘வேகிள்’ முதலிய வினைகளிற் போல, அடுத்தடுத்து நிகழும் அசைவைக் குறிப்பது. நிலையின்றி அலையும் கண் என்பதே மூலக் கருத்தாயின், மாறுகண்ணும் உருளும் கண்ணும் ஒரு வேரின் இரு கிளைகளாகும்.

ஒலியொப்புமை கொண்டு இதனோடு பிணைக்கத்தக்கனவாய்த் தோன்றும் சொற்கள் சில உள. காதற்குறிப்புடன் நோக்குதலை உணர்த்தும் ‘ஓகிள்’ 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியது. டச்சு, தாழ்நிலச் செருமன் மொழிகளில் கண்ணைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. ஆர்வத்தால் துடித்தலை உணர்த்தும் ‘அகாக்’ பெரும்பாலும் களிப்பைக் குறித்த பழைய பிரெஞ்சுத் தொடரின் திரிபு. இணையத் தேடலால் இன்று உலகெங்கும் அறியப்பட்ட ‘கூகுள்’ என்பதோ ஒன்றன்பின் நூறு சுழி கொண்ட எண்ணுக்கு இடப்பட்ட ‘கூகால்’ எனும் பெயரின் மாற்றுருவம். இம்மூன்றும் நம் சொல்லுக்கு உறவல்ல.

அலையும் கண்ணைக் குறித்த சொல், அசையாது வெறிக்கும் கண்ணைக் குறிக்க வந்தது எங்ஙனம்? உருளும் விழியில் வெண்மை மிகுதியாய்த் தோன்றும். அச்சத்தாலோ வியப்பாலோ பிதுங்கிய விழியிலும் அவ்வாறே. பார்ப்பார் கண்ணிற் படும் அத்தோற்றமே இரண்டிற்கும் பொது. அசைவு மறைந்து தோற்றம் நிலைத்தது.

கண்ணாடிப் பெயர் 1715 முதல் எழுத்திற் காணப்படுகிறது. அதற்கு ஈண்டுக் கருதத்தக்க சான்று 1828இல் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட அமெரிக்க அகராதி. அதில் ‘காகிள்ஸ்’ என்பதற்குக் கூறிய முதற்பொருள் மாறுகண்ணைத் திருத்தும் மருத்துவக் கருவி. குளிரும் தூசியும் தாக்காமற் காக்கும் கண்ணாடி பதித்த குழல்கள் இரண்டாவது. மருளும் குதிரைகளுக்கு இடும் கண்மறைப்பு மூன்றாவது. மாறுகண்ணுடைய குழந்தைகள் நேரே நோக்குமாறு முகமூடி அணிவித்தலை 7ஆம் நூற்றாண்டிலேயே ஈஜினாவின் பவுல் எனும் கிரேக்க மருத்துவர் கூறினார். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பரே துளையுடைய அத்தகைய கருவியைக் காட்டினார். ஆகவே ‘காகிள்’ உடையார்க்கு உரிய கருவி ‘காகிள்ஸ்’ எனப் பெயர் பெற்று, பின்னர் அவ்வடிவை ஒத்த காப்புக் கண்ணாடிக்கும் அப்பெயர் ஏறியது எனக் கருத இடமுண்டு. அகராதி நிரல் காலநிரல் அன்று என்பதும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பன்மைச் சொல் கண்களையே குறித்து வழங்கியமையும் இதற்கு எதிராக எழுப்பத்தக்க தடைகளே. ஆயினும், பிதுங்கிய தோற்றம் ஒன்றையே காரணமாகக் கூறுவார், மாறுகண் கருவி அவ்வகராதியில் முன்னிற்பதற்கு அமைதி கூறுதல் வேண்டும்.

பின்னர் உந்துவண்டி ஓட்டுநரும் வானூர்தி ஓட்டிகளும் இக்கண்ணாடியை எங்கும் பரப்பினர். இந்திய ஆங்கிலத்தில் இச்சொல், காப்புக் கண்ணாடியினும் வெயிற்கண்ணாடிக்கே மிகுதியும் வழங்குகிறது. தமிழகத்தார் அதனைக் ‘கூலிங்கிளாஸ்’ என்பர். இங்கிலாந்திலோ 1950களின் இறுதியில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ‘காகிள் பெட்டி’ எனும் எள்ளற்பெயர் எழுந்தது. அதன்கண் உள்ளது வெறித்தற் பொருள் ஒன்றே. மாறுகண்ணின் சுவடு சிறிதும் இல்லை.