பத்தாண்டு நினைவும் பரங்கிமலைச் சங்கிலியும்

கல்வெட்டும் செப்பேடும் பேசிவரும் இப்பக்கத்தில் மின்னணுக் கருவியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் சொல்ல வருவதும் அழியும் ஏடு ஒன்றின் வரலாறே என்பதால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஆதம்பாக்கத்தில் நம் நண்பர் ஒருவர் வசிக்கிறார். கிண்டித் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ரிச்சி தெருவில் பழைய அளவைக் கருவிகளை வாங்கி வந்து பழுதுபார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. அண்மையில் அவர் இல்லம் சென்றபோது, முப்பது வயதைக் கடந்த ஆஸிலோஸ்கோப் ஒன்று மேசைமீது இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் திரை ஒளிர்ந்தது, கோடும் ஓடிற்று. ஆனால் ஐந்து வோல்ட் கொடுத்தால் அது ஐந்தைக் காட்டவில்லை. "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். தன் கணக்கு மட்டும் அதுக்கு மறந்துபோச்சு" என்றார் நண்பர்.

அவர் வீட்டு மாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். அந்த மலைக்கும் இந்த மறதிக்கும் ஓர் உறவு உண்டு.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பகுதியில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ ஏழரை மைல் நீண்ட அக்கோடே இந்தியப் பெரும் முக்கோண அளவைக்கு அடித்தளம். அளந்த கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. லண்டனில் ராம்ஸ்டன் என்னும் புகழ்பெற்ற கருவி வினைஞர் செய்தது. மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு 1793இல் சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுசென்று, அங்கே கொள்வாரின்றித் திரும்பிய பொருள்களுள் அதுவும் ஒன்று. எஃகு வெயிலில் நீளும். இழுக்க இழுக்கக் கண்ணிகள் தேயும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை உடன்வைத்து, வெப்பத்திற்கேற்பக் கணக்கைத் திருத்தினர். ஒப்பிடுவதற்கென்றே மற்றொரு சங்கிலியும் தனியே காக்கப்பட்டது. அளக்கும் கோலைவிட, அக்கோல் எவ்வளவு பிழைபடும் என்று எழுதி வைத்த குறிப்பே முதன்மையானது என்பதை லாம்டன் நன்கு உணர்ந்திருந்தார்.

மின்னணுக் கருவிகளில் இக்குறிப்பு எங்கே இருக்கிறது? முற்காலக் கருவிகளில் அது திருகாணிகளில் இருந்தது. உள்ளே உள்ள சிறு மின்தடைகளைத் திருப்புளியால் திருகி, அறிந்த அளவோடு பொருந்தச் செய்து, அசையாதிருக்க வண்ணப்பொட்டு ஒன்று வைத்துவிடுவர். நுண்செயலிகள் வந்தபின் முறை மாறியது. கருவி தன் பிழையைத் தானே எண்ணாக எழுதிக்கொண்டு, ஒவ்வோர் அளவீட்டின்போதும் அதை ஈடுசெய்தது. காலிபரேஷன் மாறிலிகள் எனப்படுபவை இவ்வெண்களே.

இவற்றை எழுதும் ஏடாக 1980களில் பெரிதும் பயன்பட்டது மின்கலம் தாங்கிய நினைவகம். சாதாரண நிலை நினைவகச் சில்லு, மின்சாரம் நின்றதும் அனைத்தையும் மறந்துவிடும். ஆனால் சீமாஸ் வகைச் சில்லு சும்மா இருக்கும்போது உண்ணும் மின்னோட்டம் மிக மிகச் சிறிது. சிறிய லித்தியம் கலம் ஒன்றே அதைப் பல்லாண்டுகள் உயிரோடு வைத்திருக்கும். 1984இல் தொடங்கப்பட்ட டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் செமிகண்டக்டர் நிறுவனம், சில்லையும் கலத்தையும் பிசினுக்குள் ஒன்றாக அடைத்துச் சிறு கறுப்புக் கட்டிகளாக விற்றது. மின்னழுத்தம் தாழ்ந்தால் எழுதும் வழியை அடைத்து, தானே கலத்திற்கு மாறிக்கொள்ளும் சுற்றும் அதனுள் உண்டு. 1989இல் வெளிவந்த ஹியூலெட் பேக்கர்டு 3458ஏ மல்ட்டிமீட்டரின் மாறிலிகளும், டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஆஸிலோஸ்கோப்பின் பிற்காலப் படிகளிலுள்ள மாறிலிகளும் இத்தகைய கட்டிகளிலேயே உறைகின்றன.

இக்கட்டிகளுக்குச் செய்தவர் குறித்த ஆயுள் பத்து ஆண்டுகள். பல அதனினும் இருமடங்கு வாழ்ந்துவிட்டன. எனினும் கலத்தை மட்டும் மாற்ற வழியில்லை. பிசின் அதையும் மூடியிருக்கிறது. வெப்பம் மிகுந்தால் லித்தியம் கலம் விரைந்து தளரும் என்பதால், நம் சென்னையின் கோடையும் தன் பங்கைச் செய்கிறது.

மாற்றும் முறையைக் கேளுங்கள். முதலில் கருவி உயிரோடிருக்கும்போதே மாறிலிகளைப் படியெடுக்க வேண்டும். சில கருவிகளில் கணினியை இணைத்து நினைவகத்தை வாசிக்கலாம். சிலவற்றில் எண்களைத் திரையிலேயே வரவழைத்துக் கையால் எழுதிக்கொள்ளலாம். இரண்டும் இயலாதபோது சில்லைக் கழற்றி, சில்லு வாசிப்பானில் இட்டுப் படிக்கவேண்டும். நண்பர் மும்முறை வாசித்து, மூன்று படிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் நம்புவார். பாடபேதம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. கழற்றும்போது சால்டரிங் முனையில் கசியும் சிறு மின்னழுத்தமே உள்ளடக்கத்தைக் குலைத்துவிடக்கூடும். ஆதலால் முனை நன்கு தரையிணைப்புப் பெற்றிருத்தல் வேண்டும். கலம் தனியே அமைந்த பழைய கருவிகளாயின், வெளியிலிருந்து மூன்று வோல்ட்டை இணையாகக் கொடுத்துக்கொண்டே பழைய கலத்தை எடுப்பர்.

பின்னர், எடுத்த இடத்தில் சில்லை நேரே பற்றவைக்காமல் ஒரு தாங்கியை வைத்து, புதுச் சில்லில் படியை எழுதிப் பொருத்த வேண்டும். இன்று பலரும் நாடுவது ஃபெர்ரோமின் நினைவகம். அதற்கு மின்கலமே வேண்டா. பல பத்தாண்டுகள் நினைவில் கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் தெரிவுக்கம்பி புதிதாகத் தாழ்ந்து எழவேண்டும் என்பது அதன் விதி. அக்கம்பியை ஓயாமல் தாழ்த்தியே வைத்திருக்கும் கருவியில் அது பொருந்தாது. கருவியின் சுற்றுப்படத்தைப் பாராமல் வாங்கி ஏமாந்தவர் உண்டு.

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளுக்குச் செய்ததும் இதுவே. செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். எழுதாது விட்டவை மடிந்தன. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன சுவடிகளைப் பற்றி உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஒரு வேறுபாடு உண்டு. போன சுவடியை எவராலும் மீட்க இயலாது. போன மாறிலியையோ, புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தேசிய அளவைகளோடு தொடர்புடைய ஆய்வகம் ஒன்றில் மீண்டும் எழுதுவிக்கலாம். ஆயினும் அதற்குப் பொருட்செலவு மிகுதி; பழைய கருவியின் விலையையே அது விஞ்சுவதும் உண்டு. மேலும், அக்கருவி இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு நகர்ந்தது என்னும் வரலாறு திரும்புவதில்லை. நம்பகமான கருவிக்கு அவ்வரலாறே சான்றிதழ். முன்னும் பின்னும் ஒப்பிட்டாலன்றி லாம்டனின் சங்கிலி எவ்வளவு தேய்ந்தது என்று எவர் சொல்லியிருக்க முடியும்?

நண்பரின் ஆஸிலோஸ்கோப்பிற்குக் காலம் கடந்துவிட்டது. அது புதிதாக அளவுபார்க்கப்பட வேண்டும். அவரிடமுள்ள மற்றொரு மல்ட்டிமீட்டரைத் தக்க தருணத்தில் படியெடுத்துவிட்டார். அந்த எண்களைக் கணினியில் சேமித்ததோடு நில்லாமல், காகிதத்தில் எழுதி, நாளிட்டு, கருவியின் மூடிக்குள் ஒட்டியும் வைத்திருக்கிறார்.

கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகங்களில் இவ்வகைக் கருவிகள் இன்னும் பல உறங்குகின்றன. அவற்றைப் பேணும் அன்பர்கள் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தால், அடுத்த கோடைக்குள் ஒருமுறை மூடியைத் திறந்து அந்தக் கறுப்புக் கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், முதல் வேலையாகப் படியெடுங்கள்.