ஐயமும் ஆசானும்: இயக்கவியல் வரலாற்றில் இரு மாணாக்கர்

அறிவியலின் வரலாறு பெரும்பாலும் விடை கண்டோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தீராத கணக்கொன்றுடன் மூத்தோரின் உதவியை நாடிய மாணாக்கனுக்கு அதில் இடம் அரிது. ஆயினும், நியூற்றனின் பெருநூல் வெளிவந்த 1687 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட ஏறத்தாழ நூறாண்டுக்கால இயக்கவியலை ஆராயுமிடத்து, அதன் போக்கை மாற்றிய இரு திருப்பங்கள் அத்தகைய மாணாக்கர் இருவருடன் தொடர்புற்றிருத்தலைக் காணலாம். அவர்கள் பெற்ற உதவி எத்தகையது என்பதே இங்கு நோக்கற்பாலது.

1707 இல் சுவிற்சலாந்தின் பாசெல் நகரிற் பிறந்த லெயோனாட் ஒயிலர், தமது பதின்மூன்றாம் வயதில், 1720 இல், அந்நகரப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியராக விளங்கியவர் யோகான் பேணூலி. ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு ஈர்ப்பினால் மட்டும் இயங்கும் துணிக்கையொன்று மிகக் குறைந்த நேரத்தில் இறங்குதற்குரிய வளையி யாது என்னும் கணக்கை 1696 இல் ஐரோப்பிய அறிஞர்முன் வைத்தவர் அவரே. ஒயிலர் அவரிடம் தனிப்பாடம் வேண்டினார். தமது அலுவல்களைக் காட்டிப் பேராசிரியர் மறுத்துவிட்டார். எனினும் வேறொரு வழி கூறினார். கடினமான நூல்களை மாணவர் தாமாகவே முயன்று கற்றல் வேண்டும். எவ்விடத்தில் மேற்செல்ல இயலாது தடைப்படுகின்றாரோ அவ்விடத்தை வாரத்தில் ஒரு நாட் பிற்பகல் வந்து கேட்டறியலாம். ஆசான் ஒரு தடையை நீக்கியதும் வேறு பத்துத் தடைகள் உடன் அகன்றன எனப் பிற்காலத்தில் ஒயிலர் தம் வாழ்க்கைக் குறிப்பில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

பேணூலியின் தாராள சிந்தையே இதற்குக் காரணம் எனக் கொள்ளல் பொருந்தாது. அவர் தமையனார் யாக்கோப்புடன் பகிரங்கமாகப் பூசலிட்டவர்; பாரிஸ் அக்கடமியின் 1734 ஆம் ஆண்டுப் பரிசைத் தம் மகன் தானியேலுடன் பகிர நேர்ந்தமையைப் பொறாதவர். லொப்பித்தால் என்னும் பிரெஞ்சுப் பிரபுவுக்கு, ஆண்டொன்றுக்கு 300 லிவர் பெற்றுக்கொண்டு, தம் கண்டுபிடிப்புக்களை எழுதி அனுப்பியவரும் அவரே. அவற்றைத் துணைக்கொண்டு பிரபு எழுதிய நுண்கணிதத்தின் முதற் பாடநூல் 1696 இல் வெளியாயிற்று. பிரபு மறைந்தபின் அதன் உள்ளடக்கத்துக்குப் பேணூலி உரிமை கோரினார். பிரபுவுக்கு விடைகள் கிடைத்தன. ஒயிலருக்கோ முயற்சி முழுவதும் தம்முடையதாகவே இருக்க, தடை மாத்திரம் நீக்கப்பட்டது.

இப்பயிற்சியின் பயன் 1736 இல் வெளிவந்த ஒயிலரின் இயக்கவியல் நூலிற் புலப்படுகின்றது. நியூற்றனின் நூலைக் கற்ற காலத்தில் அதிலுள்ள பல கணக்குகளின் தீர்வு தமக்கு விளங்கியதாகவே தோன்றிற்று என்றும், ஆனால் கணக்குச் சிறிது மாறியவுடன் தம்மால் அதனைத் தீர்க்க இயலவில்லை என்றும் அந்நூலின் முன்னுரையில் அவர் ஒப்புக்கொள்கின்றார். இது எக்காலத்துப் பௌதிகவியல் மாணவனும் அறிந்த துன்பமே. ஒயிலர் அதனைத் தம் குறைபாடாக மட்டும் கருதவில்லை. கேத்திரகணித முறையின் குறைபாடாகவும் கண்டார். அம்முறையில் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி உருவமும் தனித்தனிச் சூழ்ச்சியும் வேண்டியிருந்தன. துணிக்கையின் இயக்கத்தைப் பகுப்புமுறையால் ஒழுங்காக ஆராயும் நெறியை அவர் வகுத்தமைக்கு இவ்வனுபவமே தூண்டுகோலாயிற்று.

மாணவர் ஆசானாகிய காலத்தில் வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. 1755 ஆகத்து மாதத்தில், இத்தாலியின் தூரின் நகரிலிருந்து பத்தொன்பது வயதினரான இலகிராஞ்சி, பேர்லினில் வாழ்ந்த ஒயிலருக்குக் கடிதமொன்று எழுதினார். மிகப் பெரிதாதல் அல்லது மிகச் சிறிதாதல் என்னும் பண்புடைய வளையிகளைக் காணும் முறையை ஒயிலர் 1744 இல் வெளியிட்டிருந்தார். அதிற் கேத்திரகணிதத்தின் துணையை விலக்க இயலாமை ஒயிலருக்கே மனக்குறையாக இருந்தது. இளைஞரின் கடிதம் அக்குறையைத் தீர்த்தது. ஒயிலர் அடுத்த மாதமே பாராட்டி விடையிறுத்தார். அதனோடமையாது, இளைஞர் தம் முறையை முழுமையாக வெளியிடும்வரை தம் கட்டுரைகளை வெளியிடாது நிறுத்தி, பெருமை அவருக்கே உரியதாகச் செய்தார். அம்முறைக்கு மாறல் நுண்கணிதம் எனப் பெயரிட்டவரும் ஒயிலரே. பேணூலி தம் மகனிடத்தும் காட்டாத பெருந்தன்மையை அவருடைய மாணவர் முன்பின் அறியாத இளைஞரிடத்துக் காட்டினார்.

1788 இல் வெளிவந்த இலகிராஞ்சியின் பகுப்பு இயக்கவியல் நூலில் ஒரு வரைபடமேனும் இல்லை. இயக்கசக்தி, அழுத்தசக்தி ஆகியவற்றின் வித்தியாசத்திலிருந்து இயக்கச் சமன்பாடுகளைப் பெறுதற்கு இன்று மாணவர் பயிலும் முறை அவர் பெயராலேயே வழங்குகின்றது. கணக்குச் சிறிது மாறினும் வழி மாறாதிருத்தல் வேண்டும் என்னும் இளம் ஒயிலரின் வேட்கை அங்கு பெரிதும் நிறைவேறிற்று.

இவ்வரலாற்றில் மறக்கலாகாத உண்மை பிறிதொன்றுண்டு. ஒயிலரின் தந்தையார் யாக்கோப்பு பேணூலியிடம் கணிதம் கற்றவர். யோகானுக்கு மாணவப்பருவத் தோழர். பேராசிரியரின் வாயில் ஒயிலருக்குத் திறந்ததில் இவ்வறிமுகத்துக்கும் பங்குண்டு. அத்தகைய அறிமுகம் இன்மையால் ஐயம் தீராமலே கல்வியை விட்டோர் எத்தனை பேர் என்பதை எந்நூலும் கூறாது. ஒருவர்க்குக் குடும்ப உறவினாற் கிடைத்த அப்பிற்பகலை எல்லா மாணவர்க்கும் உரியதாக்குதலே பல்கலைக்கழகப் பயிற்சி வகுப்பின் நோக்கமாகும். அங்கு மாணவர் முயன்று தடைப்பட்ட இடத்தைக் கொண்டுவருதலும், ஆசிரியர் முழு விடையையும் கரும்பலகையில் எழுதிவிடாது அத்தடையை மட்டும் நீக்குதலும் நிகழுமாயின் அந்நோக்கம் நிறைவேறும்.