முடியாது என்ற சொல்

பௌர்ணமி இரவில் கிரிவலம் முடித்தவர்கள் பஸ்ஸுக்கு முண்டியடிப்பதை வேங்கிக்கால் சாலையில் பார்க்க வேண்டும். அப்படி ஓர் இரவில் நானும் முண்டியடித்து ஓர் இடம் பிடித்தேன். டிரைவர் வண்டியைச் சற்று நகர்த்திப் பார்த்தார், நிறுத்தினார், கீழே இறங்கிவிட்டார். பிரேக் சரியில்லையாம். முதலாளியின் ஆள் முதலில் கெஞ்சினான், பிறகு மிரட்டினான். பிரயாணிகளாகிய நாங்களும் டிரைவரைத்தான் வைதோம். அவரோ, "முடியாது ஸார்" என்று சொல்லிவிட்டு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நடக்காமற்போன விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்?

இந்தச் சொல்லை ஆகாயத்தில் சொல்வது இன்னும் கடினம். இறங்குவது சரிப்படாது என்று தோன்றினால் விமானி மறுபடி மேலே கிளம்பிவிட வேண்டும். அது தோல்வியல்ல, அவருடைய தொழில் தர்மம்.

2010 மே 22-ஆம் தேதி துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 8,000 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடியைத் தாண்டிய பிறகே தரையைத் தொட்டது. பிரயாணத்தின் பெரும்பகுதியில் தலைமை விமானி உறங்கியிருந்தார். இறங்க வேண்டாம், மேலே எழும்பலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். தலைவர் கேட்கவில்லை. 158 பேர் மாண்டார்கள். எட்டுப் பேரே பிழைத்தார்கள்.

பத்தாண்டு கழிந்தது. 2020 ஆகஸ்டு 7-ஆம் தேதி, அதே துபாயிலிருந்து அதே நிறுவனத்தின் விமானம் 190 பேருடன் கோழிக்கோட்டுக்கு வந்தது. கொட்டுகிற மழை. ஒரு முறை இறங்க முயன்று மேலே எழும்பிவிட்டார்கள். வேறு ஊருக்குப் போக எரிபொருள் இருந்தது. ஆனாலும் மறுபக்கமாக வந்து, பின்னாலிருந்து காற்றுத் தள்ள, பாதி ஓடுபாதையைத் தாண்டி இறங்கினார்கள். விமானம் மேட்டிலிருந்து சரிந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

2021-இல் வெளியான விசாரணை அறிக்கை, விதிமுறையை மீறி இறங்கியதையே காரணமாகச் சொன்னது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு விமானத்தை ஓட்டும் பொறுப்பும் அதே தலைமை விமானிக்கு இருந்தது. அன்று வேறு ஊருக்குப் போயிருந்தால் வேலை நேரம் நீண்டு, சட்டப்படி அந்தக் காலை விமானத்தை அவர் ஓட்ட முடியாது. அவருக்குப் பதில் யார்? கோழிக்கோட்டில் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு தலைமை விமானியைத்தான் நிறுவனம் நியமித்திருந்தது!

யாரும் அவரைத் தொலைபேசியில் மிரட்டியிருக்க வேண்டியதில்லை. வேலைப் பட்டியலே மிரட்டல்தான். முதலாளியின் ஆள் புளியமரத்தடிக்கு வந்து நின்றான். பட்டியலோ மனிதனின் மனசுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் விமானியின் தவறு இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் அவர் ஒருவருடைய தவறு மட்டுமே என்று கணக்கை மூடுவதும் நியாயமல்ல.

2025-இல் விமானிகளின் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக விதிகள் உயர்த்தின. அவ்வாண்டு டிசம்பரில் புதிய விதிகளுக்கு வேண்டிய விமானிகள் இல்லாமல் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச் செய்தது. பிரயாணிகள் கொதித்தார்கள், விதிகளில் தற்காலிகச் சலுகை கிடைத்தது. வேங்கிக்காலில் டிரைவரை வைத குரல் எனக்கு நினைவு வந்தது. அதில் என் குரலும் இருந்ததல்லவா?