காசு கொடுத்தவர் யார், கதவு திறந்தது யாருக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நடந்த நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. பெயர் சுப்புலட்சுமி. பிறந்தது மயிலாப்பூரில், 1886 ஆகஸ்ட் 18 அன்று. அடுத்த சில ஆண்டுகளிலேயே கல்யாணம் நடந்தது. கல்யாணமான கையோடு கணவனும் இறந்துபோனான். அந்தக் காலத்து வழக்கப்படி அவள் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். பெற்றோர் அப்படி முடிய விடவில்லை. வீட்டிலும் பிறகு பள்ளியிலும் படிக்கவைத்தார்கள். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டத்தோடு வெளியே வந்தார், பின்னாளில் ஊரே ‘சகோதரி’ என்று அழைத்த சுப்புலட்சுமி.

ஊரப்பாக்கத்தில் படிப்பை விட்டுவிட்ட பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்த நிதி திரட்டும் குழுவினர், “இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர்களைப் பற்றி எழுதுங்கள்” என்று தங்கள் மலருக்காகக் கேட்டபோது, நம் மாவட்டத்தின் அந்த முதல் மதிப்பெண்காரியை விட்டு வேறெங்கும் தொடங்கத் தோன்றவில்லை. அவர் எத்தனை பேரைப் படிக்கவைத்தார், என்னென்ன விருது வாங்கினார் என்பதெல்லாம் பல இடங்களில் எழுதியாகிவிட்டது. நான் பார்க்க நினைத்தது வரவு செலவுப் பக்கத்தை. பணம் எங்கிருந்து வந்தது, வந்த பணம் என்ன கேட்டது என்பதை.

1912-இல் எழும்பூரில் நான்கு இளம் விதவைகளோடு சுப்புலட்சுமியின் விதவைகள் இல்லம் தொடங்கியது. அவருடைய சித்தி, தாமும் விதவையாக வாழ்ந்தவர், கூடவே நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஆதரவாக இருந்தவர் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச். அரசுக்கு அப்போது ஒரு தலைவலி: பெண்கள் பள்ளிகளைத் திறந்தால் அங்கே பாடம் நடத்த ஆசிரியைகள் கிடைக்கவில்லை. கல்யாணமான பெண் வேலைக்கு வரமாட்டாள், கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் அனுப்பமாட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் விதவைகள். அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்தால் ஆசிரியைகள் கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். இல்லத்துக்கு அரசுப் பணம் வந்த வழி இதுதான். இரக்கத்தைவிட ஆள் தேவையே அந்தப் பணத்தை அதிகம் வரவழைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேவையின் பேரில் வரும் பணம் மாதா மாதம் வரும். இரக்கத்தின் பேரில் வருவது தீபாவளிக்கு வரும்.

ஆனால் நிபந்தனை ஒன்று கூடவே இருந்தது. இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும். ஆசாரமும் மடியும் அங்கே அப்படியே நடந்தன. இதற்காக அன்றைக்கும் கண்டித்தார்கள், இன்றைக்கும் கண்டிக்கிறார்கள். கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. சுப்புலட்சுமி அப்படிச் செய்ததற்கான காரணத்தையும் பார்க்கவேண்டும். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால் மராட்டியத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். அதற்கான பணத்தை அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசித் திரட்டியிருந்தார். அங்கே அமைந்த ரமாபாய் சங்கத்தின் கிளை வட்டங்களில் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் பத்து ஆண்டுகள் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். நிதி திரட்டுவதில் இத்தனை எளிமையான, இத்தனை கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அமெரிக்கக் கிறிஸ்தவர்களின் பணம் என்பதால் சந்தேகமும் கூடவே வந்தது. மாணவிகள் சிலர் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. திலகரின் ‘கேசரி’ இதழ் சாடியது. 1893-இல் ரானடே, பண்டார்க்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவை விட்டு விலகினார்கள். பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. பணம் நிற்கவில்லை, பிள்ளைகள் நின்றுபோனார்கள்.

அதே 1893-இல்தான் சாரதா சதனின் முதல் மாணவியான கோதுபாயை தோண்டோ கேசவ கார்வே மறுமணம் செய்துகொண்டார். 1896-இல் அவரும் புனேயில் ஒரு விதவை இல்லம் தொடங்கி, அதை வளர்த்து 1916-இல் பெண்கள் பல்கலைக்கழகமே ஆக்கினார். 1920-இல் விட்டல்தாஸ் தாக்கர்சி பதினைந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு அவருடைய தாயார் நாதிபாய் தாமோதர் தாக்கர்சியின் பெயர் வந்தது. பெயர் வைக்கச் சொல்லும் நிபந்தனை எனக்கு என்னவோ மலிவாகவே படுகிறது. உள்ளே யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்று சொல்லும் பணம்தான் விலை அதிகம்.

சென்னைக்கு வருவோம். எதிரே விதவை வந்தால் அபசகுனம் என்று நினைத்த காலம் அது. சிறுமிகள் கூட்டமாகத் தெருவில் பள்ளிக்குப் போவதே பிரச்சினை. மெரினாவில் ஊரை விட்டுச் சற்று ஒதுங்கியிருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் அதனால் தோதாக அமைந்தது. 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கியது. 1917-இல் அரசின் கைக்கு வந்து விதவைகள் இல்லமாயிற்று. பக்கத்திலேயே ராணி மேரிக் கல்லூரி 1914-இல் தொடங்கியிருந்ததும் வசதி. 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி திறந்தபோது சுப்புலட்சுமியே அதன் முதல்வர். இல்லத்தில் சேர்ந்தவர்கள் ஆசிரியைகளாகிச் சம்பளம் வாங்கும் வழி அங்கே முழுமையாயிற்று.

அரசு ஊழியராக இருந்தவரை அவர் கையும் வாயும் கொஞ்சம் கட்டுண்டுதான் இருந்தன. ஓய்வுக்குப் பிறகு செய்தவை எனக்கு இன்னும் பிடித்தவை. 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்று வயதுவந்த பெண்களுக்காகவே ஒரு பள்ளி. 1954-இல், தமக்கு அறுபத்தெட்டு வயதாகும்போது, தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நல மையம். அங்கே சாதி நிபந்தனை ஏதும் இல்லை. நம் ரயில் பாதையில் தாம்பரம் வந்து இறங்குகிற தூரம்தான் அந்த மாடம்பாக்கம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் சங்கடமாக இருக்கும்.

இன்னொருவர் துர்காபாய். பிறப்பால் ஆந்திரர், அவர் நிறுவனம் கட்டியது சென்னையில். எட்டு வயதில் அவருக்குக் கல்யாணம். விவரம் தெரிந்ததும் அதிலிருந்து விலகிக்கொண்டார். நிதி திரட்டுவதில் அவருடைய முதல் அனுபவத்தைக் கேட்டால் நம் குழுவினருக்குத் தெம்பு வரும். 1921-இல் காந்தி காக்கிநாடாவுக்கு வந்தார். தேவதாசிப் பெண்களும் திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களும் அவரைப் பார்க்கவேண்டும் என்று பன்னிரண்டு வயதுச் சிறுமி துர்காபாய் ஆசைப்பட்டார். ஐயாயிரம் ரூபாய் பணமுடிப்புத் தந்தால் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். அந்தப் பணத்தைத் திரட்டித் தந்தவர்கள் தேவதாசிப் பெண்கள். காந்தி வந்தார், ஐந்து நிமிடம் அரை மணிக்கு மேல் நீண்டது, கூட்டத்துப் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிப் போட்டார்கள். மொத்தம் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது என்கிறார் துர்காபாய். ஊர் ஒதுக்கிவைத்தவர்கள்தான் முதலில் மடியை அவிழ்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே ஊரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுப் பொருட்காட்சியின் வாசலில் தொண்டராக நின்ற இந்தப் பெண், டிக்கெட் இல்லை என்று நேருவையே உள்ளே விட மறுத்தார். பொருளாளர் பதவிக்கு ஆள் தேடுகிறவர்கள் இந்தக் குணத்தைத்தான் தேடவேண்டும்.

உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற துர்காபாய், எழுத்தறியாத பெண் கைதிகளோடு இருந்துவிட்டு வந்து, காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷனைத் தனியாக எழுதித் தேறினார். பிறகு பட்டம், அதன் பிறகு சட்டம். படிப்பை விட்டவர் திரும்பி வருவது எப்படி என்பது அவருக்கு ஏட்டுப் பாடம் அல்ல. 1937-இல் சென்னையில் அவர் தொடங்கிய ஆந்திர மகிளா சபா, தெலுங்குப் பெண்களை அதே காசித் தேர்வுக்குத் தயார்செய்தது. நாட்டு விடுதலைக்குப் பிறகு மத்திய சமூக நல வாரியம் 1953-இல் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர். 1958-இல் வாரியத்தின் மூலம் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கப் படிப்புத் திட்டம் வந்தது. பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கும், பள்ளியைப் பாதியில் விட்ட பெண்கள் இரண்டே ஆண்டில் தேர்வுக்குத் தயாராகலாம். தொண்டு நிறுவனங்களுக்கு வாரியம் மானியம் தரும். நர்சுகளும் கிராம சேவிகைகளும் ஆசிரியைகளும் இதிலிருந்து வந்தார்கள். மகிளா சபாவில் செய்து பார்த்ததை நாட்டுக்கே திட்டமாக்கிய அவருடைய சாமர்த்தியத்தைப் புகழத்தான் வேண்டும். ஆனாலும் முப்பதைத் தாண்டியவள் என்ன செய்வாள் என்ற கேள்வி அங்கேயும் நின்றது. பணம் தருபவர் எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஆக்ஸ்போர்டில் 1899-இல் உழைப்பாளிகளுக்காக ரஸ்கின் கல்லூரியைத் தொடங்கியவர்கள் அமெரிக்கர்கள். முதலீடு பெரும்பாலும் அவர்களில் ஒருவரான வால்டர் வ்ரூமனின் மனைவி ஆம்னியின் செல்வம். அந்தத் தம்பதியின் ஆதரவு சில ஆண்டுகளில் நின்றதும் தொழிற்சங்கங்கள் சந்தா போட்டுத் தம் உறுப்பினர்களை அனுப்பத் தொடங்கின. பெருந்தனக்காரர் ஒருவரை நம்பி ஆரம்பித்தது, சில்லறைக் காசில் நிலைத்தது.

நம் ஊருக்கு வந்துவிட்டேன். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் தொழிற்சாலையும் கிடங்கும் கடையும் பெருகிவிட்டன. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, பத்தாவதோடு நின்றவருக்கும் டிப்ளமா வைத்திருந்தவருக்கும் அடுத்த வேலை ஒரே மாதிரி கிடைக்கவில்லை என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, பத்து, பன்னிரண்டு என்று படிப்படியாக ஏறவும் வழி இருக்கிறது. ஏறாமல் தாவினால் சிக்கல்: பன்னிரண்டு முடிக்காமல் நேரே திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு அரசு வேலையில் அந்தப் பட்டம் செல்லாது. டுட்டோரியல் நடத்தியவர்கள் இதைப் பல பேருக்குச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். சென்னையில் 1996 முதல் நடந்துவரும் சமுதாயக் கல்லூரி முயற்சிகள் குறுகிய காலத் தொழிற்படிப்பும் வாழ்க்கைத் திறனுமாக இன்னொரு பாதையைக் காட்டின.

இதற்கெல்லாம் ஆகும் செலவு விசித்திரமானது. கட்டடம் வேண்டாம், பகலில் காலியாகாத, மாலையில் காலியாகிற வகுப்பறை எந்தப் பள்ளியிலும் கிடைக்கும். வேண்டியது தேர்வுக் கட்டணம், பஸ் பாஸ், ஏழு மணிக்குப் பசியோடு வருகிறவருக்கு ஒரு சுண்டலும் டீயும், கைக்குழந்தையோடு வரும் அம்மாவுக்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. ஆயாவின் சம்பளத்துக்கு உபயதாரர் பிடிப்பது எத்தனை கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் பெயர் எழுதலாம், ஆயாவின் மேல் எழுத முடியுமா?

கம்பெனிப் பணம் இருக்கிறதே என்பார்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். நல்லது. அவர்கள் கேட்பது எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற பட்டியல். அரசின் கிராமப்புறத் திறன் திட்டத்திலும் வயது பதினைந்திலிருந்து முப்பத்தைந்து. பெண்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் நாற்பத்தைந்து வரை. வேலைக்காக அல்ல, பேரனின் புத்தகத்தைப் படிக்கவேண்டும் என்பதற்காக ஐம்பது வயதில் வரும் பெண் எந்தப் பட்டியலிலும் வரமாட்டாள். அவளுக்கான நாற்காலியை நிபந்தனையில்லாத காசால்தான் வாங்க முடியும்.

அதனால்தான் இந்த மலர். விளம்பரங்களைப் புரட்டும்போது அலுத்துக்கொள்ளாதீர்கள். நகைக்கடையும் வீட்டுமனையும் மெஸ்ஸும் பக்கத்துக்குப் பக்கம் வாழ்த்துச் சொல்லியிருப்பதால்தான் அச்சுக்கூலி போக மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தை வங்கியில் போட்டுவைக்காமல் இந்த ஆண்டுத் தேர்வுக் கட்டணத்துக்கே எடுப்பது என்று குழு முடிவு செய்திருப்பது எனக்குச் சம்மதம். ரமாபாயின் ஒரு டாலர் கணக்கைக் கேட்டுவிட்டு, மாதம் நூறு ரூபாய்ச் சந்தாவையும் ஆரம்பித்திருக்கிறார்கள்.

சந்தாப் படிவம் கடைசித் தாளில் இருக்கிறது. கிழித்தெடுக்கத் துளை போட்டிருக்கிறது. எந்தப் படிப்புக்கு, எந்த வயதினருக்கு என்று குறிக்க அதில் கட்டம் இல்லை. வரிச்சலுகைக்கு ரசீது வேண்டும் என்பவர்கள், தொகை இரண்டாயிரத்துக்கு மேல் போனால் ரொக்கமாக நீட்டாமல் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தரவேண்டும்; அந்த அளவுக்கு மேலான ரொக்கத்துக்கு வரிச்சலுகை கிடையாது.